லோடு கேட்டேன், நேரம் கொடுத்தார்

போன வருடம் சாம்பல் புதன் கழிந்த மறுநாள், என் டிரெய்லர் வண்டியை எண்ணூர் ரோட்டின் ஓரமாக நிறுத்தினேன். எனக்கு முன்னால் ஒரு வண்டி, அதற்கு முன்னால் இன்னொன்று, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை வண்டிகள். எல்லாம் முதுகில் ஒன்றும் இல்லாமல் நின்றன. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்துவிட்டதாம், அதனால் கப்பல் வரத்தும் குறைந்துவிட்டதாம். யாரோ எங்கேயோ சட்டை வாங்காமல் இருந்தால் நான் ஏன் ரோட்டில் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். தவக்காலத்தின் நாற்பது நாளும் அங்கேயே நின்றேன்.

என் பெயர் லூர்துராஜ். வீடு திருவொற்றியூர், ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. இருபது வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறவன். அதில் ஆறு வருடம் மஸ்கட்டில் ஓட்டினேன். நான் திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்கு மனைவி ஸ்டெல்லாவும் மகள் ஜெனிபரும் வந்திருந்தார்கள். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த அங்கிள் நம்ம வூட்டுக்கா வராரு?" என்று கேட்டாள். ஸ்டெல்லா சிரித்துச் சமாளித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. இனி இவர்களை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கே மாதாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

லோடு நின்று மூன்றாவது வாரம், ஸ்டெல்லாவின் அண்ணன் மஸ்கட்டில் இருந்து போன் செய்தார். "மாமு, விசா ரெடியா கீது. ஆகஸ்ட் கடைசில மாதா கொடியேத்தம், அதுக்கு முன்னால ஏஜெண்டாண்ட பாஸ்போர்ட்ட குடுத்துடு" என்றார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போ என்றாலும் தாங்கியிருப்பேன், போகாதே என்றாலும் தாங்கியிருப்பேன். அவள் ஒன்றுமே சொல்லாததுதான் தாங்க முடியவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கொஞ்சம் கனவு காண்கிறவன். சிக்னலில் நின்றால்கூட மனசு எங்கேயாவது போய்விடும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால்தான் திரும்பி வரும். வேலை இல்லாத அந்த நாட்களில் இது ரொம்ப முற்றிப்போனது. வண்டியின் அடியில் நிழலில் துணி விரித்துப் படுத்திருப்பேன். கடற்காற்று வரும். கண்ணை மூடினால் ரோடு மெதுவாகத் தண்ணீராகும், நின்ற வண்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பிக்கும். நானும் அவற்றோடு போய்க்கொண்டிருப்பேன். கண் விழித்தால் தலைக்கு மேலே கிரீஸ் ஒட்டின அச்சு இருக்கும். அந்த மிதப்பு சுகமாக இருந்தது, அதுதான் ஆபத்து. மனிதன் இப்படியே காணாமல் போய்விடலாம்.

செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் அந்தோனியார் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். என் ஜெபம் நீளமானது இல்லை. "ஆண்டவரே, லோடு கொடும். நான் போகாமல் இருக்கணும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். உயிர்த்த ஞாயிறும் கழிந்தது. லோடு வரவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த பாஸ்கா காலத்தில் ஒரு செவ்வாய், நவநாள் முடிந்து ஃபாதர் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பெஞ்சில் மின்விசிறிக்கு நேர் கீழே அரைத் தூக்கத்தில் இருந்தேன். தூக்கத்துக்குள் அவர் குரல் தூரத்தில் கேட்டது. "கையில் நேரம் உள்ள ஓட்டுநர்கள் கவனிக்கவும்." மணலியில் ஒரு பயிற்சி மையம், கனரக உரிமம் உள்ளவர்களுக்கு கிரேன் இயக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. வழக்கமாக ஆள் அனுப்பும் கம்பெனிகள் இந்த வருடம் யாரையும் அனுப்பவில்லை, அதனால் இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள்.

எனக்கு உடனே சந்தோஷம் வந்தது என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வந்தது. நான் லோடு கேட்டுக் கெஞ்சுகிறேன், இவர் என்னிடம் நேரம் இருப்பதைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். நாற்பத்துமூன்று வயதில் பள்ளிக்கூடமா? வெளியே வந்து செருப்பைத் தேடினேன். செருப்பு கிடைத்தது, ஆனால் கால் நகரவில்லை. "கையில் நேரம் உள்ள" என்ற அந்த வார்த்தை காதை விட்டுப் போகவே இல்லை. நான் ஜெபத்தில் கேட்டது கிடைக்கவில்லை என்று மூன்று மாதமாக முனகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் கையில் வந்து சேர்ந்தது ஒன்று உண்டு, நாள் முழுக்க நேரம். அதை யார் கொடுத்தது? திரும்ப உள்ளே போய் ஃபாதரிடம் அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன்.

பயிற்சி மையத்தில் முதல் நாள் கிரேன் எதுவும் காட்டவில்லை. ஓர் இருட்டு அறை. நடுவில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, எதிரில் பெரிய திரைகள். உட்கார்ந்து பொத்தானை அழுத்தினதும் திரையில் ஒரு துறைமுகம் எழுந்து வந்தது. கீழே கன்டெய்னர் பெட்டிகள், தூரத்தில் கடல். உண்மையான கடலை விட நீலமாக இருந்தது. இடது கையை லேசாகத் தள்ளினால் நான் அப்படியே காற்றில் நகர்ந்தேன். இத்தனை நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்ட கனவை யாரோ எடுத்து இந்த அறையில் மாட்டிவைத்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் திரையில் நின்ற லாரியின் தலை மேலேயே வைத்துவிட்டேன். பயிற்சி கொடுத்த மேடம் கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். "பரவாயில்லைங்க, அந்த லாரியில் ஆள் இல்லை" என்றார்.

கிரேன் வேலையில் தூக்குவது பெரிய விஷயம் இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தொங்குகிற பெட்டி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் வேலை. ஆடுகிற பக்கமே நாமும் கொஞ்சம் போக வேண்டும், அது நிற்கிற நேரம் நாமும் நிற்க வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. வீட்டில் ஒரு கூடை இருக்கிறது, மூன்றாவது மாடியில் இருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிக் காய்கறி வாங்குவதற்கு. அதை வைத்துப் பழக ஆரம்பித்தேன். கூடையில் நாலு வெங்காயத்தைப் போட்டு, வேண்டுமென்றே ஆட்டிவிட்டு, சுவரில் படாமல் கீரைக்காரம்மாவின் தள்ளுவண்டியில் இறக்க வேண்டும். முதல் வாரம் இரண்டாவது மாடி வீட்டுத் துணியை எல்லாம் வாரிக்கொண்டு போனேன். கீரைக்காரம்மா மேலே பார்த்து, "இன்னா நைனா, வாங்கறியா, இல்ல கூடைக்கு ஊஞ்சல் ஆட்டிகினு கீறியா?" என்று கேட்பாள். பூசையில் பிரசங்க நேரத்திலும் என் இரண்டு கையும் தொடை மேல் நகர்ந்துகொண்டிருக்கும். ஸ்டெல்லா ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஜெனிபர் மட்டும் காதோடு, "அப்பா, எறக்கிட்டியா?" என்று கேட்பாள்.

அடுத்தது நிஜமான கிரேன். ரப்பர் சக்கரத்தில் நிற்கிற யார்டு கிரேன், ஆறேழு மாடி உயரம் இருக்கும். நான் இருபது வருடம் அதற்குக் கீழே போய் நின்றவன், ஒரு நாளும் அதன் மேல் ஏறினவன் இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி ஏறினேன். மேலே கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்ததும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. காலுக்குக் கீழேயும் கண்ணாடி. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு வெள்ளையாகக் கிடந்தது. இன்னொரு பக்கம் புகைபோக்கிகள், அவற்றைத் தாண்டிக் கடல். காலைப் பனியில் எது ஆறு, எது கடல், எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. கீழே நின்ற வண்டிகளும் மனிதர்களும் சின்னதாக, சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். ஆண்டவர் தினமும் நம்மை இப்படித்தான் பார்ப்பாரோ என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் துறைமுகத்தில் பாரம் தூக்குகிறவர்கள் 'தூக்கு' என்று சொல்ல மாட்டார்கள், 'ஆபீஸ்' என்பார்கள். 'இறக்கு' என்பதற்கு 'ஆரியா'. எந்தக் காலத்துக் கப்பல்காரன் பாஷையோ தெரியாது. என் அப்பா ராயபுரத்தில் இருந்து ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போனவர். வீட்டில் குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்கும்போதுகூட "ஆபீஸ், ஆபீஸ்" என்றுதான் சொல்லுவார். பயிற்சியில் அந்த வார்த்தை கூடாது, 'மேலே', 'கீழே' என்றுதான் சொல்ல வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் பிறந்ததில் இருந்து கேட்ட வார்த்தை காதில் இருந்து எங்கே போகும்?

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, எனக்குத் தேர்வு. சனிக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும், மஸ்கட்டில் இருந்து மச்சான் இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டார். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு யார்டில் இரண்டு ஆள் எடுக்கிறார்கள், சான்றிதழ் இருந்தால் உடனே சேரலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். ஆகவே வியாழக்கிழமை தேறினால் இங்கே, இல்லையென்றால் மஸ்கட். காலையில் கோயில் வாசலில் நின்று, "நான் போகாமல் இருக்கணும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியை அடுக்கில் இருந்து எடுத்து டிரெய்லரின் மேல் வைக்க வேண்டும், அதுதான் தேர்வு. கீழே டிரெய்லரில் உட்கார்ந்திருந்தவன் வியாசர்பாடி குமார். என்னோடு எண்ணூர் ரோட்டில் வண்டி நிறுத்தியிருந்த தோஸ்து, அன்றைக்கு ஒரு நாள் கூலிக்கு வந்திருந்தான். வாக்கி டாக்கியில் சொல்கிறவர் மஸ்தான் பாய், பழைய ஹார்பர்காரர். மேடம் தூரத்தில் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை எடுத்தேன். ஆட்டத்தை அடக்கினேன். டிரெய்லருக்கு நேராகக் கொண்டுவந்து இறக்கினேன். வண்டியின் தளத்துக்கும் பெட்டிக்கும் இடையே இன்னும் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. என் கண் பெட்டியின் மூலைகளில் மட்டும்தான் இருந்தது. அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தை தெளிவாக விழுந்தது. "ஆபீஸ்."

என் கை என்னைக் கேட்கவில்லை. தூக்கிவிட்டது. பெட்டி மேலே போனது. போகிறபோதுதான் கீழே பார்த்தேன். டிரெய்லர் மெதுவாகப் பின்னால் உருண்டு வந்துகொண்டிருந்தது. குமார் கை பிரேக் போட மறந்திருந்தான். பெட்டி முதலில் தொங்கின இடத்துக்கு நேர் கீழே, பெட்டி இறங்கியிருக்க வேண்டிய உயரத்தில், அவன் உட்கார்ந்திருந்த கேபின் வந்து நின்றது. நான் கைப்பிடியை விட்டுவிட்டேன்.

மஸ்தான் பாய் என்னைத் தூக்கச் சொல்லவே இல்லை. "ஆபீஸ்ல மேடம் டயம் பாத்துகினு கீறாங்க, சீக்கிரம் எறக்கு" என்றுதான் சொன்னாராம். எனக்கு விழுந்தது முதல் வார்த்தை மட்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்திருப்பான். நான் பெட்டியைத் தூக்கினேன்.

கீழே இறங்கி வந்தபோது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம், "உங்க சாமியா எங்க சாமியான்னு தெரியல மாமு, யாரோ பாத்துகினு கீறாங்க" என்றான். மேடம் வந்தார். "சரியான நேரத்தில் வண்டி நகர்வதைப் பார்த்தீர்கள். இந்தக் கவனம்தான் எனக்கு வேண்டும்" என்று சொல்லி, கையில் இருந்த தாளில் எழுதத் தொடங்கினார்.

அன்பானவர்களே, நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். வேலை கிடைத்துவிடும், பாஸ்போர்ட் பீரோவிலேயே இருக்கும், ஜெபம் கேட்கப்பட்டது என்று இதே சாட்சியை நான் எழுதியும் இருப்பேன். ஆனால் குமார் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபது வருடம் நான் உட்கார்ந்த இடம் அது. மேலே தொங்குகிற பெட்டியைப் பார்த்து, அங்கே இருப்பவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பி உட்கார்ந்த இடம். நான் குமாரைப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை.

"மேடம், நான் வண்டியைப் பாக்கல. ஆபீஸ்னு காதுல வுழுந்துச்சு, தூக்கிட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மஸ்தான் பாய் அந்த வார்த்தையின் கதையை விளக்கினார். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். இன்னும் இரண்டு வாரம் பயிற்சி எடுங்கள், கண் பெட்டியில் மட்டும் இருக்கக் கூடாது, கீழே இருக்கிற ஆளிடமும் இருக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு இடம் அதுவரை காலியாக இருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய் சொல்லாதவர்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆண்டவர் குமாரைக் காப்பாற்றினார், என்னை மஸ்கட்டுக்கு அனுப்புகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். நான் போவதைப் பற்றி ஆறு மாதமாக ஒரு வார்த்தை சொல்லாதவள், அன்றைக்குப் பேசினாள்.

"ரெண்டு வாரம்தானே. நீ போவாத."

அவ்வளவுதான் சொன்னாள். அதன் பிறகு, நான் போகாமல் இருக்க அவளும் தினமும் ஜெபமாலை சொல்லி வந்ததைச் சொன்னாள். தடுத்தால், வேலை கிடைக்காதபோது நான் அவளைக் குறை சொல்லுவேனோ என்று பயந்தாளாம். ஒரே வீட்டில் ஒரே ஜெபத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஒளித்துவைத்துச் சொல்லியிருக்கிறோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாஸ்போர்ட்டை அவளே எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். மச்சானுக்கும் அவளே போன் செய்து, இப்போது இல்லை அண்ணா என்றாள். அவர் கொஞ்சம் பேஜாரானார், அப்புறம் சரி என்றார்.

இரண்டு வாரம் பழகினேன். இந்த முறையும் அதே கூடைதான். கூடையை இறக்கும்போது கூடையைப் பார்க்காமல் கீரைக்காரம்மாவின் கையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவள் கை எங்கே போகிறது, எப்போது தலையைக் குனிகிறாள் என்று பார்த்தால், கூடை தானாக ஒழுங்காக இறங்கியது. மாதா திருவிழா முடிந்த வாரம் திரும்பத் தேர்வு வைத்தார்கள். குமாரே வந்து கீழே டிரெய்லரில் உட்கார்ந்தான். வேறு ஆளை வைக்கிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. தேறிவிட்டேன். அந்த யார்டில் ஒரு இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார், இன்னொன்று காலியாக இருந்தது. மேடமே அந்த யார்டு மேனேஜரிடம் பேசியிருக்கிறார். கோளாறு செய்தால் தானே வந்து சொல்கிற ஆள் வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள் என்று என்னைக் காட்டினாராம்.

இப்போது நான் தினமும் அந்தக் கண்ணாடிக் கேபினில் உட்காருகிறேன். மழைக்காலத்துக் காலையில் மேகம் கீழே இறங்கி என் முட்டி அளவுக்கு நிற்கும். பெட்டிகள் அதற்குள் இருந்து மெதுவாக மேலே வரும், மெதுவாக உள்ளே போகும். என் மனசு இன்னும் எங்கேயாவது கிளம்பத்தான் பார்க்கிறது. ஆனால் கீழே ஒரு டிரெய்லர் வந்து நின்றதும் முதலில் அதன் கண்ணாடிக்குள் இருக்கிற முகத்தைத் தேடுகிறேன். முகம் தெரிந்த பிறகுதான் கைப்பிடியைத் தொடுவேன். வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. பழைய முதலாளி லோடு இருக்கிறது, வா என்று கூப்பிட்டார். நான் கேட்டபோது வராத லோடு அது. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. என்னிடம் ஏற்கெனவே கொடுத்திருந்ததைப் பார்க்க வைத்தார். இன்றைக்கு உங்களில் யாராவது வேலை நின்றுபோய், சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நாட்களை அவமானம் என்று நினைக்காதீர்கள். அவர் கையில் இருந்துதான் அவை வந்திருக்கின்றன. என்ன செய்யட்டும் என்று அவரிடமே கேளுங்கள், பக்கத்தில் இருப்பவர்களிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பூசை முடிந்து நான் கோயில் வாசலில்தான் நிற்பேன், ஸ்டெல்லாவும் கூட இருப்பாள். மணலி மையத்தின் படிவம் என்னிடம் இருக்கிறது, சேர்ந்து நிரப்பலாம். வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உயரத்துக்குப் பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் நாள் ஏணியில் உங்களுக்குப் பின்னாலேயே நானும் ஏறி வருகிறேன்.